மண்டி மொஹல்லாவில் பல் பிடித்துப் பார்த்த கார்

மைசூரின் பழைய பேட்டையில் ஒரு பழைய கார். கடைக்காரர் சொன்ன விலை ரூ.3.95 லட்சம். அது நியாயமா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாட்கள், ஒரு டார்ச், ஒரு நாற்பது பக்க நோட்டு தேவைப்பட்டன.

"பன்னி சார், பன்னி!" என்று வரவேற்றார் கடைக்காரர். தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியான வரவேற்பு. கன்னடத்தில் அதற்கு ‘வாருங்கள்’ என்றுதான் பொருள். இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு கணம் திடுக்கிடத்தான் வைக்கிறது.

2025 அக்டோபர் இரண்டாவது வாரம். தசரா முடிந்து, மைசூரின் தெருக்களில் கட்டியிருந்த அலங்கார விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் மைசூருக்கு வந்துபோவது புதிதல்ல. 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. என் வருகைக்குக் காரணம் வேறு. தங்கை இந்த ஊரில் வாக்கப்பட்டவள். முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு அம்மாவும் அவளோடுதான் இருக்கிறார். ஆட்டோவில் ஏறி இறங்குவது அம்மாவுக்கு மலையேற்றம். "ஒரு பழைய கார் வாங்கிடலாம் மச்சான், நீங்க வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்" என்று மாப்பிள்ளை போன் செய்தார்.

கையிலிருந்த பணம் ரூ.3.65 லட்சம். சீட்டு எடுத்தது இரண்டு லட்சம். மீதி 1.65 லட்சம், அம்மா தன் இரண்டு பவுன் வளையலை விற்றுக் கொடுத்தது. "தங்கம் இந்த விலைக்கு விற்கிறப்ப அதைப் பெட்டியில வெச்சுப் பூட்டி என்ன கண்ணு பண்றது?" என்று அம்மா சிரித்தார். சிரித்தாலும், அந்த வளையல் அப்பா போட்டது. கார் விலையில் ஐந்தாயிரம் ஏமாந்தால்கூட அது வளையலிலிருந்து சுரண்டியதாகவே இருக்கும். ஒரு பார்வை போதாது என்று அப்போதே தோன்றியது.

புலிகேசியும் அக்பரும்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் வந்து, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக மைசூரில் இறங்கினால் ஊரின் மொழி மாறியிருக்கும், வேர் மாறியிருக்காது. நம் பகரம் அங்கே ஹகரமாகிறது. பால் ‘ஹாலு’, பத்து ‘ஹத்து’. பழைய வண்டி என்றால் ‘ஹளே காடி’. 2014 நவம்பர் 1 முதல் அரசு ஏடுகளில் ஊரின் பெயர் மைசூரு. நம் வாயில் அது இன்னும் மைசூர்தான்.

அரண்மனைக்கு வடக்கே, தேவராஜா மார்க்கெட்டையும் தாண்டிப் போனால் மண்டி மொஹல்லா. மொஹல்லா என்பது பேட்டை. லஷ்கர், நஜர்பாத், தேவராஜா, கிருஷ்ணராஜா, சாமராஜா என்று பழைய மைசூர் மொஹல்லாக்களாகவே பிரிந்து வளர்ந்த ஊர். ‘மண்டி’யைத் தமிழ்நாட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டாம். வெல்ல மண்டி, வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி எல்லாம் நம்மிடமும் உண்டு. இங்கே தெருப் பெயர்கள் ஒரு சரித்திரப் பாடம். புலிகேசி ரோடு, அக்பர் ரோடு, கபீர் ரோடு. சாளுக்கிய மன்னனும் மொகலாயச் சக்கரவர்த்தியும் நெசவாளிக் கவிஞரும் ஒரே பேட்டையில் குடியிருக்கிறார்கள். புலிகேசி என்றதும் நம்மவர்களுக்கு வாதாபியும், போதாக்குறைக்கு வடிவேலுவும் நினைவுக்கு வருவது தனிக் கதை.

அசோகா ரோட்டில் நின்றால் செயின்ட் பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரியும். ஒவ்வொன்றும் 175 அடி. அந்த நிழலுக்கு இந்தப் பக்கம், பகல் முழுக்க இரும்பைத் தட்டும் சத்தம். டிங்கரிங் ஷெட், டயர் கடை, பெயின்ட் வாடை. சந்துக்குச் சந்து உருதுவும் கன்னடமும் கலந்த பேச்சு, தேவைப்பட்டால் தமிழும். அப்படி ஒரு சந்தில்தான் நாங்கள் பார்க்க வந்த இரண்டு கார்களும் இரண்டு வேறு கடைகளில் நின்றன.

மண்டியில் வெங்காயம் வாங்குவது எளிது. மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால் மூட்டையின் ஜாதகம் தெரிந்துவிடும். காரை அப்படி அள்ளிப் பார்க்க முடியாது. இதற்கு நெருங்கிய உறவு மாட்டுச் சந்தை. அங்கே தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. வாங்குகிறவன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடைப்பல் முளைத்துவிட்டதா என்று எண்ணுவான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்குகிற மாட்டுக்கு அந்தத் தடை கிடையாது.

மலிவான கார்

முதல் கடையில் 2018ஆம் ஆண்டு மாருதி வேகன்ஆர். வெள்ளை நிறம். கண்ணாடிபோலப் பளபளத்தது. மீட்டரில் 41 ஆயிரம் கிலோமீட்டர். விலை ரூ.2.95 லட்சம். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. பட்ஜெட்டில் 70 ஆயிரம் மிச்சம்.

எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசவில்லை. முதலில் பிரேக் பெடலின் ரப்பரைப் பார்த்தார். வரி வரியாக இருக்க வேண்டிய ரப்பர் வழுக்கைத் தலையாக இருந்தது. ஸ்டியரிங் வளையத்தின் மேல்பாதி தேய்ந்து மினுங்கியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இந்தக் காரில் நான்கு டயரிலும் கடைசி இரண்டு இலக்கம் 21. "மூணே வருஷத்துல நாலு டயரும் மாத்தியிருக்காங்க. நாற்பத்தோராயிரத்துக்கா?" என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில்.

சர்வீஸ் புத்தகம் கேட்டோம். பழைய ஓனர் தொலைத்துவிட்டாராம். அண்ணன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணின் உள்பக்கத்தில் டார்ச் அடித்தார். பாதி கிழித்த ஒரு ஆயில் ஸ்டிக்கர். மிச்சமிருந்த பாதியில் பேனாவால் எழுதியிருந்தது: அடுத்த ஆயில் மாற்றம், 80,000 கி.மீ.

பல்லுக்கு அரம் போட்டு வயதைக் குறைத்த மாடு. மீட்டர் இப்போதெல்லாம் எலெக்ட்ரானிக் என்பதால் குறைக்க முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் லேப்டாப்பைச் செருகத் தெரிந்தவனுக்கு அது இன்னும் சுலபம். நாங்கள் சண்டை போடவில்லை. டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். "விலை கம்மியா இருந்துச்சே மச்சான்" என்றார் மாப்பிள்ளை, மனசே இல்லாமல்.

அவருடைய ஏக்கத்துக்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் பெற்ற விளக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஆராய்ச்சிக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாரம் இதுதான்: காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவாக ஒரு நடுவாந்திர விலைதான் சொல்வான். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கும் மனம் வராது. நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகும். மிஞ்சுவது பெரும்பாலும் சொத்தை. மண்டி மொஹல்லா பாஷையில் சொன்னால், 2.95 லட்சம் ‘மலிவு’ என்று மயங்கும் ஒவ்வொருவரும், மீட்டரைத் தொடாத அடுத்த கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்.

மூன்று தராசு

அந்த அடுத்த கடைக்காரர்தான் ‘பன்னி சார்’ என்றவர். ஐம்பதைத் தாண்டிய பாய். தமிழ் நன்றாகவே பேசுகிறார். அவரிடம் இருந்ததும் வேகன்ஆர்தான். 2017 மாடல், பெட்ரோல், விஎக்ஸ்ஐ, கேஏ 09 பதிவு, சிங்கிள் ஓனர், 58 ஆயிரம் கிலோமீட்டர். சர்வீஸ் ரசீதுகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக இருந்தன. விலை ரூ.3.95 லட்சம். "முன்னாடி இடது ஃபெண்டர் ரீபெயின்ட் சார். ஸ்கூட்டர்காரன் இடிச்சான். சொல்லிட்டேன்" என்று கேட்பதற்கு முன்பே சொன்னார்.

அண்ணன் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பானெட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். இடது பக்கம் மட்டும் இருந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் போட்டபடியே இருந்தன. அப்படியானால் அடி மேலோடு போயிருக்கிறது, எலும்பில் இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழிக்குள் பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். "வெள்ளத்துல மூழ்கின வண்டின்னா பெல்ட்டோட அடியில சேற்றுக் கோடு நிக்கும். எல்லாத்தையும் கழுவுவாங்க, இதை மறந்துடுவாங்க." 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு பழைய கார் வாங்குகிற தமிழர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது. இஞ்சினை ஆறவிட்டுக் காலையில் முதல் முறையாக ஸ்டார்ட் செய்யும்போது வந்து பார்க்கிறேன் என்றார். மறுநாள் வந்தும் பார்த்தார்.

தீர்ப்பு: இஞ்சின் சுத்தம், கிளட்ச் பரவாயில்லை. ஆனால் நான்கு டயரும் கிழடு, ரூ.16,000. சஸ்பென்ஷன் புஷ் வேலை ரூ.6,000. பேட்டரி ரூ.4,500. மொத்தம் ரூ.26,500.

கார் நல்ல கார். விலை நல்ல விலையா? அங்கேதான் நோட்டைத் திறந்தேன். ஒரே தராசில் நிறுத்தால் ஏமாறலாம். மூன்று தராசில் நிறுத்துப் பார்ப்பது என்று முடிவு.

முதல் தராசு, புதிய கார். பழைய காரின் விலைக்குக் கூரை போடுவது அது வாங்கப்பட்ட அன்றைய விலை அல்ல, புதுசு இன்று விற்கும் விலை. 2025 செப்டம்பர் 22இல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, மேலே இருந்த செஸ்ஸும் போனது. வேகன்ஆரின் ஆரம்ப மாடல் ஷோரூம் விலை ரூ.5.79 லட்சத்திலிருந்து ரூ.4.99 லட்சத்துக்கு இறங்கியது. கர்நாடகத்தின் ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தால் அது ஆறு லட்சத்தை நெருங்கும். ஆனாலும் எண்பதாயிரம் இறங்கியது இறங்கியதுதான். கூரை தாழ்ந்தால் கீழே நிற்பவனும் குனிய வேண்டும். செப்டம்பருக்கு முன்னால் மனதில் பதிந்த விலையை அக்டோபரில் கேட்கக் கூடாது.

இரண்டாவது தராசு, இன்சூரன்ஸ் காகிதம். அதில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். கார் முழுசாகப் போனால் கம்பெனி கொடுக்கும் உச்சத் தொகை. அதற்குத் தேய்மான அட்டவணை உண்டு. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, பிறகு 30, 40 என்று ஏறி, ஐந்தாண்டை நெருங்கும்போது 50. அதற்கு மேல் கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி முடிப்பது. இந்தக் காருக்கு ரூ.2.40 லட்சம் போட்டிருந்தது. எளிதில் விற்கும் மாடல்களுக்குச் சந்தை விலை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இது தரை. இதைக் காட்டி ‘இவ்வளவுதான் தருவேன்’ என்பது நியாயமில்லை. கேட்கும் விலை இந்தத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க உதவும்.

மூன்றாவது தராசு, பக்கத்து வீடு. மைசூர், மண்டியா, பெங்களூர் பக்கம் அதே மாடல், அதே ஆண்டு, ஏறத்தாழ அதே கிலோமீட்டர் ஓடிய பத்து கார்களின் விலையை எழுதினோம். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் அடித்தோம். விளம்பரத்தில் இருப்பது ஆசைப்படும் விலை, கைக்கு வரும் விலை அல்ல. அதற்குக் கொஞ்சம் கழித்ததில் நடு ரூ.3.60 லட்சத்தில் வந்து நின்றது. அதுவும் எந்த வேலையும் பாக்கியில்லாத காருக்கு. ரூ.26,500ஐக் கழித்தால் ரூ.3,33,500. நோட்டில் அதைக் கோடு போட்டு வைத்தேன்.

ரூபாயில் எழுத முடியாத ஒரு கழித்தலும் இருந்தது. இந்தக் காரில் ஏர்பேக் கிடையாது. புதிய கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனது 2019 ஜூலையில். அதற்கு முந்தைய மலிவு கார்களில் பல அது இல்லாமலே விற்றவை. மாப்பிள்ளை நகரத்துக்குள் மெதுவாக ஓட்டுகிறவர்தான். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை திம்பம் இறங்க வேண்டும். இதைத் தங்கையிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப ஸ்கூட்டர்ல போறோம்ணா. அதுல எத்தனை ஏர்பேக் இருக்கு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பாயின் கணக்கு

மறுநாள் மதியம் பேச்சு தொடங்கியது. முதல் பந்து ஜிஎஸ்டி. "3.95க்கு மேல பதினெட்டு பர்சென்ட் வரி இருக்கு சார், உங்களுக்காக விட்டுத்தர்றேன்" என்றார் கடையில் இருந்த பையன். 18 சதவீதம் என்றால் 71 ஆயிரம் ரூபாய். விட்டுத்தருவது பெரிய தியாகமாகத்தான் தெரியும்.

ஆனால் சட்டம் அப்படி இல்லை. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பழைய வாகன வியாபாரத்துக்கு எல்லா வகைக்கும் 18 சதவீதம் என்று முடிவு செய்தது. சிறிய கார்களுக்கு அதுவரை 12. அந்தச் செய்தி வந்தபோது பலரும் பதறினார்கள். வரி காரின் முழு விலை மீது அல்ல. வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தின் மீதுதான். ஐம்பதாயிரம் வித்தியாசம் வைத்து விற்றால் வரி ஒன்பதாயிரம். நஷ்டத்துக்கு விற்றால் வரியே இல்லை. தனிமனிதர் தன் காரை இன்னொருவருக்கு நேரடியாக விற்றாலும் இந்த வரி கிடையாது. இதைச் சொன்னதும் பாய் பையனை ஒரு பார்வை பார்த்தார். அவன் டீ வாங்கப் போய்விட்டான்.

பிறகு என் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மேல்பாதியில் எங்கள் கணக்கு. கீழ்ப்பாதியில் அவருடைய கணக்கு, என் ஊகத்தில். காரை அவர் வாங்கியது 2.90 லட்சம் இருக்கலாம். பெயின்ட், பாலீஷ் பத்தாயிரம். வரி. லாபம். ‘அதிகபட்சம் ரூ.3,33,500’ என்று அடியில் எழுதியிருந்தேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "எல்லாம் சரி சார். வட்டியை விட்டுட்டீங்க" என்றார். மேஜை டிராயரிலிருந்து தன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இந்தத் தொழிலில் இது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

வாங்கியது ரூ.2,95,000. பெயின்ட், பாலீஷ் ரூ.12,000. மூன்று மாதமாக வண்டி நிற்கிறது. ஃபைனான்ஸ் வட்டி மாதம் ஒன்றரை சதவீதம், மூன்று மாதத்துக்கு ரூ.13,000க்கு மேல். கடை வாடகை, பையன் சம்பளத்தில் இந்த வண்டியின் பங்கு ரூ.8,000. கூட்டினால் ரூ.3,28,000. ரூ.3,33,500க்குக் கொடுத்தால் வித்தியாசம் ரூ.38,500, அதற்கு வரி ஏறத்தாழ ரூ.6,900. அப்போது அவர் கையிலிருந்து ரூ.1,400 போகும்.

"மூணு தொண்ணூத்தஞ்சு ஆகஸ்ட்ல போட்ட ரேட்டு. புது வண்டி விலை இறங்கும்னு யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு மாசம் நின்னா வட்டியே என்னைத் தின்னுடும்" என்கிறார் பாய். அவர் குரலில் முறையீடு இல்லை. கணக்குச் சொல்லும் குரல்தான்.

என் கணக்கு வாங்குபவனின் கணக்கு. அதில் தவறில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. எங்கள் நோட்டின்படி நியாயமான விலை அவருக்கு நஷ்டம். அவர் சொன்ன 3.95 எங்களுக்கு நஷ்டம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்தோம். ரூ.3,48,000, பேட்டரி புதிதாக அவரே போட்டுத் தர வேண்டும். வரி ரூ.9,540, பேட்டரி ரூ.4,500 போக அவருக்கு நிற்பது ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய். எங்களுக்கு நிற்பது ரூ.17,000. அதில் ரூ.16,000 டயருக்கு.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பேசுவது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் வந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவனின் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மைசூருக்குப் பக்கத்தில் ஓடும் இதே காவிரி கடலில் கலக்கிற துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலை, அங்கிருந்த வணிகர்களைப் புகழ்கிறது. வாங்கும்போது கூடுதலாக எடுக்காதவர்கள், விற்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள், மறைக்காமல் விலை சொன்னவர்கள். பாடத்தில் படித்தபோது அதை மிகை என்று நினைத்திருந்தேன்.

விலைக்குப் பிறகு காகிதம்

பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. பேசி முடித்த விலை நியாயமாக இருந்தாலும், காகிதம் கோணலாக இருந்தால் அந்த விலைக்கு அர்த்தமில்லை.

வாகனப் பதிவு எண்ணைப் போட்டால் அரசின் ‘எம்பரிவாகன்’ செயலி, எத்தனையாவது ஓனர், கடன் ஏதும் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று சொல்லிவிடும். பாய் ‘சிங்கிள் ஓனர்’ என்றது சரியாக இருந்தது. பழைய பாங்க் கடன் ஆர்.சி.யில் இன்னும் ரத்தாகாமல் நின்றது. பாங்க் கொடுத்த தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வந்த பிறகுதான் முன்பணம் என்றோம். டிராஃபிக் அபராதம் இரண்டு பாக்கி. அதைக் கட்டுவது பழைய ஓனரின் வேலை.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகளுக்கு மத்திய அரசு புதிய விதி கொண்டுவந்திருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். தன்னிடம் விற்பனைக்கு வந்த வண்டியைப் பற்றித் தெரிவிக்க வேண்டும். வண்டி தன் கையில் இருக்கும் வரை அதற்கு வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றத்துக்கு அவரே விண்ணப்பிக்கவும் முடியும். சான்றைக் கேட்டோம். சுவரில் காலண்டருக்குப் பின்னால் தொங்கியது. மலிவுக் கார் கடையில் அப்படி எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

பெயர் மாற்றத்தை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடுவதுதான் நம் ஊரில் பலரும் செய்யும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. கார் எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நடந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. விற்றவருக்கும் அது தலைவலி, வாங்கியவருக்கும் இன்சூரன்ஸ் விஷயத்தில் தலைவலி. பழைய ஓனரின் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ அவரோடு போய்விடும். காரோடு வராது. பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

காரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் கணக்கே வேறு. இங்கே தடையில்லாச் சான்று, அங்கே மறுபதிவு, அங்கே மறுபடி வரி. இங்கே கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மைசூரில் மலிவாகத் தெரியும் கார் ஈரோடு போய்ச் சேரும்போது அப்படியிருக்காது.

டெலிவரி நோட்டில் தேதி, நேரம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், ‘பெரிய விபத்தில் சிக்கியதில்லை’ என்ற வாசகம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ரூ.20,000 மட்டும் ஆர்.சி. பெயர் மாறிய பிறகு. பாய் சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

நவம்பர் முதல் வாரத்தில் மாப்பிள்ளையின் போனில் பெயர் மாற்றச் செய்தி வந்தது. அன்று மாலையே அந்த இருபதாயிரத்தை எடுத்துக்கொண்டு அவரும் அம்மாவும் மண்டி மொஹல்லா போயிருக்கிறார்கள், அதே காரில். அம்மா முன் சீட்டில். புது டயர். பாய் வெளியே வந்து, "பன்னி அம்மா, பன்னி" என்றாராம். அம்மா அன்றிரவு எனக்குப் போன் செய்தார்.

"அந்த பாய் என்னைப் பார்த்து என்ன கண்ணு அப்படிச் சொல்லிப்போட்டார்?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டார்.

"வளையலுக்குச் சரியான வண்டிதானே?"

"சரியான வண்டிதாம்மா" என்றேன். பொங்கலுக்கு அதிலேயே திம்பம் வழியாக ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருட்டுவதற்குள் மலையை இறங்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.